பழைய பிக்கப் டோர்ல துரு: வெட்டி ஒட்டுறதா, டோரையே மாத்துறதா?

பழைய பிக்கப் வச்சிருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, பாடியில முதல்ல உளுத்துப்போறதுல டோரோட அடிப்பக்கமும் ஒண்ணு. வெளிய பாத்தா பெயின்ட் லேசா உப்பி பட்டாணி சைஸ்ல ரெண்டு மூணு கொப்புளம் இருக்கும், விரலால அழுத்துனா பொருபொருன்னு உதிரும். மேல தண்ணி பட்டு துரு புடிச்சிருக்கு, தேய்ச்சு பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா சரியாயிடும்னுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். ஆனா அந்தக் கொப்புளம் உள்ள இருந்து வெளிய வந்ததுங்க. வெளிய தெரியுற நேரத்துல உள்பக்கத் தகரம் பாதி போயிருக்கும். அதனால இந்த வேலையை எப்பவும் உள்ள இருந்து ஆரம்பிக்கணும், இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் பொறுமையும் கைப்பழக்கமும்தான்.

தண்ணி எப்படி உள்ள போகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. கண்ணாடி ஏறி இறங்குற இடத்துல ரெண்டு பக்கமும் ரப்பரோ ஃபெல்ட்டோ இருக்கும், அது புதுசா இருந்தாலே கொஞ்சம் தண்ணி விடும், காஞ்சு வெடிச்சுப்போச்சுன்னா மழையில கண்ணாடி மேல வழியிற தண்ணி மொத்தமும் டோருக்குள்ளதான். வண்டியை டிசைன் பண்ணவங்களுக்கும் இது தெரியும், அதுக்காகத்தான் டோருக்கு அடியில சின்னச் சின்ன வடிகால் ஓட்டை விட்டிருப்பாங்க. வருஷக்கணக்கா காஞ்ச இலை, தூசி, உள்ள ஒட்டியிருந்து பிய்ஞ்சு விழுந்த சவுண்ட் பேட் எல்லாம் சேர்ந்து அந்த ஓட்டையை அடைச்சுடும். அப்புறம் டோரோட அடிப்பக்கம் ஈரமண்ணு கொட்டி வச்ச தொட்டிதான். இன்னொரு இடமும் இருக்கு, வெளித்தகரத்தை உள்ளச்சட்டத்தோட ஓரத்துல மடிச்சு நசுக்கியிருப்பாங்க, ஹெம்னு சொல்லுவாங்க, அந்த ரெண்டு தகரத்துக்கு நடுவுல முடி அளவு இடைவெளியில தண்ணி தானா ஏறி உக்காந்துக்கும், அங்க ஃபேக்டரி பெயின்ட் சரியா போயிருக்காது, காத்தும் போகாது. துரு இரும்பைவிட பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால உள்ள இருந்து தள்ளித் தள்ளி அந்த மடிப்பே வாயைப் பொளந்துக்கும்.

நான் முதன்முதலா செஞ்ச டோர்ல ஓட்டையை வலை வச்சு மூடி மேல பட்டி பாத்துட்டேன். பெயின்ட் அடிச்சப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஒரு மழைக்காலம் தாண்டல, உள்ளங்கை அகலத்துக்கு பட்டி ஒரே பாளமா கையோட வந்துடுச்சு, அதுக்குப் பின்னாடி காபிப்பொடியை நனைச்ச மாதிரி ஈரத்துரு. பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்பக்கம் திறந்து கிடந்தா உள்ள இருந்தே உறிஞ்சும். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிற வேலை அது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சரி, டோர் எந்த நிலையில இருக்குன்னு எப்படிப் பாக்குறது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி டோரோட கீழ்ப்பாதி முழுக்க மெதுவா இழுத்துட்டு வாங்க, எங்க பிடிப்பு விடுதோ அங்க பட்டி இருக்கு, அதாவது உங்களுக்கு முன்னாடி யாரோ மறைச்சிருக்காங்க. அடுத்து டோரைத் திறந்து தரையில படுத்து அடிவிளிம்பைப் பாருங்க, ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போங்க, நல்ல தகரம் கிண்ணுன்னு கேக்கும், உளுத்தது மொத்து மொத்துனு கேக்கும். மொத்துன்னு கேக்குற இடத்துல முனையால குத்திப் பாருங்க, தயங்காதீங்க, குத்தி ஓட்டை விழுற தகரம் எப்படியும் வெட்டி எறிய வேண்டியதுதான். அப்புறம் உள்பக்கப் பேனலைக் கழட்டி டார்ச் அடிச்சு, ஃபோன் கேமராவை உள்ள விட்டு வீடியோ எடுத்துப் பாருங்க, கண்ணு எட்டாத மூலையெல்லாம் அதுல தெரிஞ்சுடும். கீல் போல்ட் ஏறுற இடம், லாக் உக்கார்ற பின்பக்கச் சுவர், முக்கோண வென்ட் கண்ணாடியோட கம்பம் கீழ இறங்குற இடம், ஜன்னல் ஃப்ரேமோட ரெண்டு கீழ்மூலை, இந்த நாலும்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

என் கணக்கு இதுதான். துரு அடியில இருந்து ஒரு 10, 15 சென்டிமீட்டருக்குள்ள நின்னிருந்தா ரிப்பேர் பண்ணுங்க, கண்ணை மூடிக்கிட்டு பண்ணலாம். கீல் பக்கத்துல தகரம் விரிசல் விட்டிருந்தாலோ லாக் சுவர் அரிச்சிருந்தாலோ ஜன்னல் ஃப்ரேம் மூலை ஆடுனாலோ வேற டோர் தேடுங்க. இந்த இடங்கள்லதான் டோரோட எடையும் அடிச்சுச் சாத்துற அதிர்ச்சியும் போய் நிக்குது, அங்க ஒட்டுப் போட்டா அளவும் தப்பும் பலமும் வராது. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா, உதாரணத்துக்கு அடிப்பக்கம் மோசம், கூடவே வெளித்தகரம் நடுவுல நெளிஞ்சும் இருக்குன்னா, வெளித்தகரத்தை மட்டும் முழுசா உரிச்சுட்டு புதுசு போடுறதும் ஒரு வழி.

மாத்துறதுன்னு முடிவு பண்ணா வருஷத்துல ரொம்ப கவனமா இருங்க. பேரும் மாடலும் ஒண்ணா இருந்தா டோரும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. ஷெவர்லே 1947ல இறக்குன அட்வான்ஸ் டிசைன் வண்டியில 1951ல தான் டோர்ல வென்ட் கண்ணாடி வந்துச்சு, 1952ல வெளிக் கைப்பிடி அமுக்குற பட்டன் டைப்பா மாறிடுச்சு. அதே ஷெவர்லேல 1955ன்னு சொன்னா ரெண்டு விதமான வண்டி இருக்கு, வருஷத் தொடக்கத்துல பழைய பாடி, நடுவுல புது டாஸ்க் ஃபோர்ஸ் பாடி, ஒண்ணோட டோர் இன்னொண்ணுக்கு ஏறாது. ஃபோர்ட் எஃப்-100ல 1953ல இருந்து 1955 வரைக்கும் ஒரு டோர், 1956ல முன் கண்ணாடியை ரெண்டு பக்கமும் வளைச்சு விட்டதால அந்த ஒரு வருஷத்துக்குத் தனி டோர். இந்த மாதிரி எல்லாக் கம்பெனியிலயும் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க வண்டியில கீல் போல்ட்டுகளோட இடைவெளி, லாக் வடிவம், வென்ட் கண்ணாடியோட சாய்வு, கைப்பிடி ஓட்டை எல்லாத்தையும் அளந்து படம் எடுத்து வச்சு, விக்கிறவர்கிட்ட அதே இடங்களோட படம் கேளுங்க. டோரோட அடிவிளிம்புப் படம் அனுப்பத் தயங்குறவர்கிட்ட வாங்காதீங்க.

பழைய டோர், அதுவும் மழை கம்மியா இருக்கிற வறண்ட இடத்துல ஓடுன வண்டியோடது கிடைச்சா அதுதான் என் முதல் சாய்ஸ். வெயில்ல பெயின்ட் வெளுத்து ரப்பர் பொடியாப் போயிருக்கும், பரவால்ல, தகரம் கெட்டியா இருக்கும். இப்ப புதுசா அச்சுல அடிச்சு வர்ற ரீப்ரொடக்‌ஷன் டோரும் கிடைக்குது, சிலது நல்லா இருக்கும், சிலதுல பாடி லைன், அதாவது டோர்ல நீளவாக்குல ஓடுற மடிப்புக் கோடு, மழுங்கி இருக்கும், ஓரம் அப்படியே ஏறி உக்காராது. அது வந்த உடனே பெயின்ட் பண்ணிடாதீங்க, வண்டியில மாட்டி நாலு பக்கமும் இடைவெளி பாத்த பிறகுதான் மத்த வேலை. பெயின்ட் பண்ணிட்டா திருப்பியும் வாங்க மாட்டாங்க.

ரிப்பேரோ மாத்துறதோ, டோரைக் கழட்டுறதுக்கு முன்னாடி கீலைப் பாருங்க. டோரைப் பாதி திறந்து பின்முனையைப் பிடிச்சு மேல தூக்குங்க, லொடக்குனு ஆடுனா கீல் பின்னும் புஷ்ஷும் தேஞ்சிருக்கு. அதை இப்பவே மாத்திடணும். தேஞ்ச கீல்ல தொங்குற டோரை வச்சு அளவெடுத்து பேட்ச், அதாவது ஒட்டுத் தகரம், போட்டா, பின்னாடி கீல் மாத்துனதும் எல்லா இடைவெளியும் தப்பாயிடும். பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. கீல் பட்டையைச் சுத்தி கூரான முனையால கோடு கீறிக்கோங்க, இல்லன்னா கீலுக்கும் அது ஏறியிருக்கிற பாடித் தூணான பில்லருக்கும் சேர்த்து சின்னதா ஒரு ஓட்டை போட்டு வச்சா திரும்ப மாட்டும்போது ஒரு கம்பியை விட்டு அதே இடத்துல நிறுத்தலாம். கண்ணாடி, அதை ஏத்தி இறக்குற ரெகுலேட்டர், வென்ட் கண்ணாடி, லாக் எல்லாம் ஒவ்வொண்ணா கழட்டும்போது படம் எடுங்க, ஸ்க்ரூவைத் தனித்தனிக் கவர்ல போட்டுப் பேர் எழுதுங்க. கண்ணாடியைக் கழட்டாம வெல்டிங் பக்கமே போகக்கூடாது, தீப்பொறி கண்ணாடியில பட்டா அப்படியே உருகி ஒட்டிக்கும், எவ்வளவு தேய்ச்சாலும் அந்தப் புள்ளி போகாது. டோரை இறக்கும்போது ரெண்டு பேர் வேணும், அடியில மெத்துனு எதையாவது வச்சு ஜாக்கி குடுத்துக்கோங்க.

இப்ப வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை, நிறைய பேர் விட்டுடுறது. டோர் வண்டியில இருக்கும்போதே, கெட்டி அட்டையை டோரோட அடிப்பக்க வளைவுக்கு ஏத்த மாதிரி வெட்டி மூணு இடத்துல டெம்ப்ளேட் எடுத்து வச்சுக்கோங்க, முன்முனை, நடு, பின்முனை. பழைய பிக்கப் டோர் எதுவும் தட்டையா இருக்காது, கீழ போகப் போக உள்ள வளையும், அந்த வளைவு பாடியோட சேரணும். தகரம் போன பிறகு அந்த வளைவை உங்களுக்கு யாரும் சொல்ல முடியாது. கழட்டுன டோர்ல மூலைக்கு மூலை குறுக்களவும் எழுதி வச்சுட்டு, உள்பக்கத்துல ஒரு சதுரக் குழாயைக் குறுக்கா டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வச்சுடுங்க, வெட்டுனதும் டோர் முறுக்கிக்காது.

பெயின்ட்டை எடுக்கும்போது மாஸ்க் கட்டாயம், அதுவும் நல்ல ஃபில்டர் போட்டது. அந்தக் காலப் பெயின்ட்டுல ஈயம் இருக்கலாம், ஃபேக்டரியிலேயே இணைப்புகளை ஈயம் உருக்கி நிரப்புன பாடிகளும் உண்டு. சாண்ட் பிளாஸ்டிங் பண்றதா இருந்தா உள்ளச்சட்டத்துலயும் ஓரத்துலயும் மட்டும் பண்ணச் சொல்லுங்க, அகலமான வெளித்தகரத்துல மணலை வேகமா அடிச்சா அது நெளிஞ்சுபோகும், அப்புறம் நேராக்குறது பெரும்பாடு.

வெட்டுற கோட்டைப் பத்தி. துரு தெரியுற இடத்துல இருந்து குறைஞ்சது 25 மி.மீ. மேல, நல்ல பளபளப்பான தகரம் வர்ற வரைக்கும் போங்க. முடிஞ்சா பாடி லைனுக்குக் கொஞ்சம் கீழ கோடு வர்ற மாதிரி பாருங்க, அந்த மடிப்பு தகரத்துக்கு விறைப்பு குடுக்கும், வெல்டிங் சூட்டுல நெளியிறது குறையும். தட்டையான பெரிய பரப்புக்கு நட்டநடுவுல வெல்டிங் கோடு வந்தா அலை அலையா ஆயிடும். முதல்ல வெளித்தகரத்தோட கீழ்ப்பட்டையை எடுத்துடணும், அதுக்கு மடிப்பைப் பிரிக்கணும். மடிப்பை நெம்பாதீங்க, கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் போட்டு மடிப்போட விளிம்பை, டோரோட ஓரத்தை ஒட்டியே மெதுவா தேய்ச்சுட்டு வாங்க. தேயத் தேய ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், அதுதான் ரெண்டு தகரமும் பிரியிற இடம். கோடு தெரிஞ்ச உடனே நிறுத்திடணும், அதுக்கு மேல தேய்ச்சா உள்ளச்சட்டத்தோட ஓரத்தையும் தின்னுடும். கோடு முழுக்க வந்ததும் மேல 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்ல வெட்டுனா பட்டை கையோட வந்துடும், பின்னாடி மடிஞ்ச துண்டை உளி வச்சு லேசாத் தட்டுனா போதும்.

பட்டை போனதும் உள்ள கை போற அளவுக்குத் திறப்பு கிடைக்கும், இந்த நேரத்துல உள்ள அடிச்சட்டத்தை முடிச்சுடணும். முழு அடிச்சட்டத்தையும் ஒரே தடவையில வெட்டி எடுக்காதீங்க, பாதி வெட்டி, பாதி புதுசு வச்சு டேக் போட்டுட்டு அடுத்த பாதிக்குப் போங்க, அப்பதான் டோரோட நீளம் மாறாது. ரெடிமேட் பேட்ச் கிடைச்சா நல்லது, இல்லன்னா தகரத்துல நீங்களே வளைச்சுக்கலாம். பழைய பிக்கப் டோர்கள்ல தகரம் பெரும்பாலும் 18 இல்லன்னா 20 கேஜ் பக்கத்துல வரும், அதாவது சுமார் 1.2ல இருந்து 0.9 மி.மீ., உங்க தகரத்தை காலிப்பர் வச்சு அளந்து அதே தடிமன்லயே வாங்குங்க. தடிமன் மாறுனா ஒரு பக்கம் உருகி ஓட்டை விழும், ஒரு பக்கம் பிடிக்கவே பிடிக்காது. வடிகால் ஓட்டையைப் பழைய இடத்துலயே போடுங்க, மறந்துட்டா நீங்க செஞ்ச புதுத் தகரமும் பழசு போன வழியிலதான் போகும். கால்வனைஸ்டு தகரம் வேண்டாம், வெல்டிங்ல வர்ற துத்தநாகப் புகை காய்ச்சலே கொண்டு வந்துடும்.

அடுத்து வெளிப்பேட்ச். அதை டோர் மேல வச்சு கிளாம்ப் பண்ணி, அட்டை டெம்ப்ளேட்டை வச்சு வளைவு பாத்துட்டு, டோரைத் தூக்கிட்டுப்போய் வண்டியில மாட்டிச் சாத்திப் பாருங்க. ஆமா, கிளாம்போடயே. சிரமம்தான், ஆனா கீழ் இடைவெளி முன்னாடி பின்னாடி ஒரே மாதிரி வருதா, பாடியோட சமமா நிக்குதான்னு இப்பதான் திருத்த முடியும், வெல்டிங் பண்ணிட்டா திருத்த முடியாது. திருப்தியானதும் பேட்ச் விளிம்பை டோர் மேல கோடு கீறி, அந்தக் கோட்டுல வெட்டி, ரெண்டு விளிம்பும் முட்டுக்கு முட்டு நிக்கிற மாதிரி வைங்க, நடுவுல 1 மி.மீ.க்கு மேல சந்து இருக்கக் கூடாது. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்சு ஒட்டுறது சுலபம், பல பேர் அப்படித்தான் பண்றாங்க, ஆனா பின்னாடி தண்ணி உக்கார இன்னொரு மடிப்பை நாமே பண்ணிக் குடுக்குற மாதிரி ஆயிடும். முட்டு வெல்டிங் கஷ்டம்னு தோணுனா பேனல் பாண்ட் பசை போட்டு ஏத்தி ஒட்டலாம், அது இடைவெளியை முழுசா அடைச்சுக்கும், அதுவும் ஏத்துக்கக்கூடிய வழிதான்.

மிக் வெல்டிங்ல (கம்பி தானா வந்துக்கிட்டே இருக்கிற வகை) 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் 75 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு 25 சதவீதம் கலந்த கேஸ், இதுதான் இந்தத் தகரத்துக்கு நல்லா வரும். கேஸ் இல்லாத கம்பி சூடு அதிகம், மெல்லிய தகரத்தைப் பொத்துடும். முதல்ல அதே தடிமன்ல துண்டுத் தகரம் ரெண்டு வச்சுப் பழகுங்க, ஒரு டேக் வச்சா பின்பக்கமும் சின்னப் புள்ளியா ஊடுருவித் தெரியணும், அதுதான் செட்டிங். டோர்ல நடுவுல ஒரு டேக், ஒரு முனையில ஒண்ணு, மறுமுனையில ஒண்ணு, இப்படித் தள்ளித் தள்ளி போட்டுக்கிட்டே 25 மி.மீ. இடைவெளி வர்ற வரைக்கும் கொண்டு வாங்க, அப்புறம் அந்த இடைவெளிகளையும் அதே மாதிரி மாத்தி மாத்தி ஒவ்வொரு புள்ளியா நிரப்புங்க. ஒரு டேக் போட்டா கையை வச்சுப் பாருங்க, கை சுடுதுன்னா அந்தப் பக்கமே திரும்பாதீங்க, போய் தண்ணி குடிச்சுட்டு வாங்க. அஞ்சு சென்டிமீட்டருக்கு நேரா ஒரே இழுப்பா இழுக்கணும்னு கை துறுதுறுங்கும், இழுத்தா அந்த டோர் முழுக்க நெளிஞ்சுடும், அவ்வளவுதான். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், அதனாலதான் நெளிவு வருது, அதுக்கு பின்னாடி டாலியை (கையில பிடிக்கிற இரும்புக் கட்டை) வச்சு முன்னாடி சுத்தியலால ஒவ்வொரு புள்ளியையும் லேசாத் தட்டுனா சுருங்குன தகரம் திரும்ப விரியும். கிரைண்டிங்கும் அதே மாதிரி விட்டு விட்டுத்தான், கிரைண்டர் சூடும் தகரத்தை நெளிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. வெல்டிங்குக்கு முன்னாடி எண்ணெய் பிசுக்கு எடுக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதீங்க, அந்த ஆவி வெல்டிங் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் ஃபாஸ்ஜீன்ங்கிற விஷவாயுவா மாறும், உயிரையே எடுத்துடும். அசிட்டோன் போட்டுத் துடைச்சு நல்லா ஆவியாக விட்டாலே போதும், டப்பாவை மூடித் தூரமா வச்சுடுங்க. உள்ள ஒட்டியிருக்கிற தார் பேட் நெருப்புப் பிடிக்கும், முன்கூட்டியே சுரண்டிடுங்க, தீயணைக்கிற சிலிண்டர் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும்.

கடைசியா மடிப்பு. மடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தகரத்தோட உள்பக்கமும் எபாக்ஸி பிரைமர்ங்கிற அடிப்பூச்சு பூசி, மடிப்புக்குள்ள பேனல் பசையோ, இணைப்பை அடைக்கிற சீம் சீலரோ ஒரு கோடு விட்டுட்டு மடிங்க, ஃபேக்டரியில விட்ட குறை இங்கதான். ஒரே அடியில மடிக்காதீங்க, முனையில இருந்து முனை வரைக்கும் முதல்ல பாதிச் சாய்வுக்குத் தட்டிட்டு, திரும்ப முதல்ல இருந்து வந்து கொஞ்சம், மூணாவது தடவையில முழுசா. வெளிப்பக்கம் டாலி பிடிக்கிற கை ஆடவே கூடாது, டாலிக்கு டேப் சுத்திக்கோங்க, தழும்பு விழாது.

துரு கன்வெர்ட்டர் அமிலம் எங்கயாவது போட்டிருந்தா அந்த டப்பாவுல சொன்ன மாதிரி கழுவிக் காய வச்ச பிறகுதான் எபாக்ஸி, மிச்ச அமிலம் இருந்தா எபாக்ஸி பிடிக்காது. வெறும் இரும்பு மேல எபாக்ஸி, அது மேல சீம் சீலர், அது மேலதான் பட்டி, பட்டியும் மெலிசா, வெல்டிங் கோட்டை மறைக்கிற அளவுக்கு மட்டும். சீம் சீலர் அடிக்கிற வேகத்துல வடிகால் ஓட்டையை அடைச்சுடாதீங்க.

மாட்டும்போது லாக் ஸ்ட்ரைக்கரை, அதாவது சாத்தும்போது லாக் போய் மாட்டுற பாடிப் பக்கக் கொக்கியை, கழட்டி வச்சுட்டு டோரை மாட்டுங்க, இல்லன்னா ஸ்ட்ரைக்கரே டோரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உண்மையான நிலையைக் காட்டாது. கீலுக்கும் பில்லருக்கும் நடுவுல ஒரு செட் போல்ட், கீலுக்கும் டோருக்கும் நடுவுல ஒரு செட், ஒண்ணு மேல கீழ நகர்த்தும், இன்னொண்ணு உள்ள வெளிய நகர்த்தும், எது எதுன்னு வண்டிக்கு வண்டி மாறும், ஒரு செட்டை மட்டும் லேசாத் தளர்த்தி ஆட்டிப் பாத்தா புரிஞ்சுடும். ரெண்டையும் ஒரே நேரத்துல தளர்த்தாதீங்க. முதல்ல பின்பக்கக் கோடு கேபோட (டிரைவர் உக்கார்ற கேபினோட பாடி) ஒத்துப்போகணும், அதுக்கு அப்புறம்தான் முன்பக்க ஃபெண்டர். 4, 5 மி.மீ. இடைவெளி சுத்தியும் ஒரே மாதிரி வந்தா அந்தக் கால வண்டிக்கு அது அருமையான ஃபிட்டிங். ரப்பர் பீடிங்கோடவும் ஒரு தடவை சாத்திப் பாருங்க, புது ரப்பர் டோரை வெளிய தள்ளும், கொஞ்ச நாள்ல அமுங்கிடும், அதைப் பாத்துட்டு கீலைத் திருத்தக்கூடாது.

பெயின்ட் எல்லாம் முடிஞ்சு காஞ்ச பிறகு, கண்ணாடி ஃபெல்ட் ரெண்டு பக்கமும் புதுசு போட்டு, நீளமான குழாய் வச்ச ஸ்ப்ரேல டோருக்குள்ள, துரு பிடிக்காம காக்குற கேவிட்டி மெழுகு அடிங்க, வடிகால் ஓட்டை வழியா சொட்டு சொட்டா வெளிய வர்ற வரைக்கும். அது பெயின்ட்டுக்கு முன்னாடி பட்டா பெயின்ட் பிடிக்காது, வெல்டிங்குக்கு முன்னாடி பட்டா எரியும், அதனால எப்பவும் கடைசியிலதான். உள்பக்கப் பேனலுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் ஷீட் ஒட்டும்போது அதோட கீழ் ஓரத்தை டோருக்குள்ள இருக்கிற மாதிரி சொருகுங்க, தண்ணி ஷீட்டுல வழிஞ்சு டோருக்குள்ளயே விழுந்து வடிகால் வழியா போயிடும், கேபின்ல தரைக்கு வராது. எல்லாம் மாட்டுனதும் ஒரு டம்ளர் தண்ணியை கண்ணாடி இடுக்குல ஊத்திட்டு கீழ குனிஞ்சு பாருங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் தண்ணி வரணும். ஏதாவது ஒண்ணுல வரலன்னா ஒரு கம்பியை எடுத்து இப்பவே குத்தி விட்டுடுங்க.